வளாக நெட்வொர்க்கைப் பிரிக்கும்போது: லேயர் 2 எங்கே முடிய வேண்டும், ஃபயர்வால் எங்கே நிற்க வேண்டும்?

மேசையை இடம் மாற்றும்போது தரையில் கிடக்கும் ஒரு பேட்ச் கேபிளின் இரண்டு முனைகளையும் யாரோ சுவரில் இருக்கும் இரண்டு போர்ட்டுகளில் செருகிவிடுகிறார். அடுத்து வரும் முதல் ஆர்ப் பிராட்காஸ்ட் (ஒரு ஐபி யாருடையது என்று எல்லோரிடமும் கேட்கும் செய்தி) அந்த வளையத்தில் சுற்றத் தொடங்குகிறது. ஐபி பேக்கெட்டில் ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று குறைக்கும் டிடிஎல் எண் உண்டு. ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் கிடையாது. அதனால் அது சாகாது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகளில் ஒன்று) இருக்கும் எல்லாப் போர்ட்டுகளுக்கும் நகல் போகும். சில விநாடிகளில் லிங்குகள் நிரம்பிவிடும். சுவிட்சுகள் ஒரே மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் எண்) இரண்டு போர்ட்டுகளில் மாறி மாறிக் கற்றுக்கொண்டிருக்கும். சுவிட்சின் சிபியு திணறி, உள்ளே நுழைந்து பார்க்க எஸ்எஸ்எச் கூடக் கிடைக்காது.

சுவிட்சுகள் தமக்குள் பேசி வளையத்தை உடைக்கும் ஸ்பானிங் ட்ரீ இதைத் தடுக்கத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். எல்லா இடத்திலும் ஒழுங்காக ஓடினால் தடுக்கும். மேசைக்கு அடியில் யாரோ வாங்கி வைத்த ஐந்து போர்ட் மினி சுவிட்சிலேயே வளையம் விழுந்தால் கதை வேறு. அந்தச் சுவிட்ச் பிபிடியூவை, அதாவது ஸ்பானிங் ட்ரீயின் செய்தியை, கடத்திவிட்டால், நம் சுவிட்ச் அனுப்பியது அதே போர்ட்டில் திரும்பி வரும். பிபிடியூ கார்டு போர்ட்டை மூடிவிடும். அது பிபிடியூவை விழுங்கும் ரகமாக இருந்தால் மேலே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. பிராட்காஸ்ட் வெள்ளத்துக்கு வரம்பு வைக்கும் ஸ்டார்ம் கன்ட்ரோல் போட்டிருந்தால் மட்டுமே தப்பிப்போம்.

அந்த ஒரு கேபிள் எத்தனை கட்டடங்களை விழவைக்கும் என்பதுதான் வடிவமைப்பின் முதல் கேள்வி. யார் யாரோடு பேசலாம், அதை எந்தக் கருவி தீர்மானிக்கிறது என்பது இரண்டாவது. வளாகத்தைப் பிரிக்கிறோம் என்று உட்காரும் கூட்டங்களில் இரண்டும் 'விலேன் போடுவது' என்ற ஒரே சொல்லுக்குள் கலந்துவிடுகின்றன. நாற்பது விலேன்களைப் போட்டு, வளாகத்தின் மையமான கோர் சுவிட்சில் எல்லாவற்றுக்கும் கேட்வே (சப்நெட்டை விட்டு வெளியேறும் வாசல்) கொடுத்து, நடுவில் ஒரு ஏசிஎல் (அனுமதி-மறுப்புப் பட்டியல்) கூட இல்லாமல் விட்டால் சப்நெட்டுகள் கூடியிருக்குமே ஒழிய பாதுகாப்பு கூடியிருக்காது. ஆகவே இரண்டையும் தனித்தனியாக எடை போடுவோம்.

லேயர் 2 எல்லை: நான்கு வழிகள்

லேயர் 2 என்பது மேக் முகவரியைப் பார்த்துச் சுவிட்ச் கடத்தும் அடுக்கு; லேயர் 3 ஐபியைப் பார்த்து ரவுட் செய்வது. முதல் வழி, இன்றைக்குப் பல வளாகங்களில் இருப்பது: விலேன்கள் எல்லாக் கட்டடங்களுக்கும் நீள்கின்றன, கேட்வே கோரில். ஊழியர் விலேன் 20 என்றால் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அதே 20, அதே சப்நெட். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் வேறெங்கு வைத்தாலும் ஐபி மாறாது. பழகியவர்களுக்கு இது சுகம்.

அந்தச் சுகத்துக்கான விலை ஸ்பானிங் ட்ரீயில் இருக்கிறது. எந்தச் சுவிட்ச் ரூட் ஆக வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் எல்லாவற்றிலும் பிரையாரிட்டி 32768 என்றே இருக்கும்; சமமானால் சிறிய மேக் முகவரி வெல்லும். ஒரே தயாரிப்பாளரின் சுவிட்சுகளில் சிறிய மேக் பெரும்பாலும் பழைய சுவிட்சிடம் இருக்கும். விளைவு, மாடிப்படிக்கு அடியில் தூசியோடு கிடக்கும் பத்து வருடப் பழைய சுவிட்ச் முழு வளாகத்துக்கும் ரூட் ஆகிவிடும்; கோருக்கு நேரே போக வேண்டிய டிராஃபிக் அதைச் சுற்றிப் போகும். கோரில் 4096, துணைக் கோரில் 8192 என்று எழுதினால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் இரண்டாவது அப்லிங்க் (கோருக்குப் போகும் இணைப்பு) சும்மா கிடப்பது தீராது. பழைய ஸ்பானிங் ட்ரீயாக இருந்தால் ஒரு லிங்க் போனதும் 30 முதல் 50 விநாடி வரை காத்திருப்பும் உண்டு. ரேபிட் வகைக்கு மாற்றுவது மிகக் குறைந்தபட்ச வேலை.

இன்னொன்று அவ்வளவாகக் கண்ணில் படாது. இரண்டு கோர் சுவிட்சுகள் கேட்வேயைப் பகிர்ந்துகொள்ளும்போது, வெளியே போகும் டிராஃபிக் ஒன்றின் வழியாகவும் திரும்பி வருவது மற்றொன்றின் வழியாகவும் போகலாம். சில பிரபல சுவிட்சுகளில் ஆர்ப் பதிவு 4 மணி நேரம் உயிரோடு இருக்கும். மேக் பதிவோ 300 விநாடியில் போய்விடும். திரும்பி வரும் பக்கத்துச் சுவிட்சுக்கு ஐபிக்கு உரிய மேக் தெரியும், அந்த மேக் எந்தப் போர்ட்டில் என்று தெரியாது. எனவே விலேன் முழுக்க வெள்ளமாக அனுப்பும். யாருக்கோ போக வேண்டிய பேக்கப் டிராஃபிக் எல்லோருடைய போர்ட்டிலும் மின்னும். ஆர்ப் காலத்தை மேக் காலத்தைவிடக் குறைவாக்கினால் இது நின்றுவிடும்.

இரண்டு மூன்று கட்டடங்கள், சில நூறு கருவிகள், கவனிக்க ஒரே ஆள் என்றால் இந்த வழியிலேயே இருங்கள். பல விலேன்களைச் சுமக்கும் டிரங்க் லிங்குகளில் தேவையான விலேன்களை மட்டும் அனுமதித்து, ரூட்டை நிர்ணயித்து, பிபிடியூ கார்டு, ஸ்டார்ம் கன்ட்ரோல், டிஎச்சிபி ஸ்னூப்பிங் மூன்றையும் போட்டால் பாதி நோய் போய்விடும். அனுமதியில்லாத கருவி ஐபி வழங்குவதைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கைச் சொல்வதற்குக் காரணம், வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து அதன் லேன் போர்ட்டைச் சுவரில் செருகுபவர்கள் எல்லா வளாகத்திலும் இருக்கிறார்கள்.

இரண்டாவது வழியில் விலேன்கள் கட்டடத்தோடு முடிகின்றன. ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு லேயர் 3 சுவிட்ச், வசதி இருந்தால் ஒரு ஜோடி. அங்கிருந்து இரண்டு கோருக்கும் ரவுட்டட் லிங்க். ஒவ்வொன்றுக்கும் ஒரு /31 (இரண்டே முகவரி) போதும். நடுவில் ஓஎஸ்பிஎஃப் (சுவிட்சுகள் வழிகளைத் தாமே பகிர்ந்துகொள்ளும் ரவுட்டிங் நெறிமுறை). சில பத்துக் கட்டடங்களுக்கு ஏரியா 0 மட்டும் போதும். ஏரியாக்களாகப் பிரித்துச் சிக்கலாக்கத் தேவையில்லை. இரண்டு அப்லிங்க்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஃபைபர் அறுந்தால் லிங்க் விழுவதைச் சுவிட்சே உடனே உணரும். நடுவில் மீடியா கன்வெர்ட்டர் இருந்தால் உணராது, அப்போது ஓஎஸ்பிஎஃப் தன் 40 விநாடி டெட் டைமர் முடியும்வரை காத்திருக்கும். அந்த இடங்களில், லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் பிஎஃப்டியை ஓட்டுங்கள், அல்லது கன்வெர்ட்டரைத் தூக்கி எறியுங்கள்.

முதல் பத்தியில் சொன்ன கேபிள் இங்கே ஒரு கட்டடத்தை மட்டுமே விழவைக்கும். அதோடு, விலேன் எண் கட்டடத்துக்குள் மட்டுமே பொருள் தருவதால் எல்லாக் கட்டடத்திலும் ஒரே எண்களை வைத்துக்கொள்ளலாம்: 20 ஊழியர், 30 மாணவர், 50 கட்டடக் கருவிகள், 90 நிர்வாகம். ஆக்சஸ் சுவிட்ச் கான்ஃபிக் எல்லாக் கட்டடத்துக்கும் ஒன்றே ஆகிவிடும். பழுதான சுவிட்சை இரவு பதினொரு மணிக்கு மாற்றும்போது இதன் அருமை தெரியும்.

இழப்பும் இருக்கிறது. ஒரே சப்நெட் இரண்டு கட்டடங்களில் இருக்க முடியாது. பிராட்காஸ்ட்டை நம்பி வாழும் கருவிகள் இங்கேதான் முரண்டு பிடிக்கும். ஏசி, லிஃப்ட், மின்மானிகளைக் கட்டுப்படுத்தும் பேக்நெட் ஐபி, யுடிபி 47808இல் பிராட்காஸ்ட் செய்தே ஒன்றையொன்று கண்டுபிடிக்கிறது. சப்நெட் பிரிந்ததும் ஒவ்வொரு சப்நெட்டிலும் ஒரு பிபிஎம்டி (பிராட்காஸ்ட்டை மற்ற சப்நெட்டுகளுக்குக் கடத்தும் கருவி) வைத்து, அவற்றை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்த வேண்டும். இதைக் கட்டடப் பராமரிப்புக்காரரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஏசி நின்ற நாளில் குற்றவாளி நாம்தான். தூங்கும் கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியே எழுப்பும் வேக்-ஆன்-லேன் தூரத்திலிருந்து வேலை செய்ய டைரக்டட் பிராட்காஸ்ட் (வேறு சப்நெட்டிலிருந்து அனுப்பும் பிராட்காஸ்ட்) வேண்டும்; 1999இலிருந்து ரவுட்டர்களில் அது மூடியே வருவதுதான் விதி, அதைத் திறந்தால் ஏசிஎல்லோடு திறங்கள். பிரிண்டர், திரை பகிர்வு போன்றவை எம்டிஎன்எஸ்ஸை (அருகிலுள்ள சேவைகளைத் தேடும் முறை) நம்புபவை, 224.0.0.251 என்ற முகவரிக்குப் போகும் பேக்கெட் சப்நெட்டைத் தாண்டாது. அதற்கு எம்டிஎன்எஸ் கேட்வே ஒன்று தேவை, அதையும் எல்லாச் சேவைக்கும் திறந்துவிடாமல் வடிகட்டி வைக்க வேண்டும்.

மூன்றாவது வழி, லேயர் 3யை ஒவ்வொரு மாடியின் ஆக்சஸ் சுவிட்ச் வரை இறக்குவது. ஒரு விலேன் ஒரு சுவிட்சைத் தாண்டாது. ஸ்பானிங் ட்ரீ வெறும் காப்பீடாக மட்டும் ஓடும். தாளில் மிக அழகான வடிவம் இதுதான். பிரிவுகளுக்கு விஆர்எஃப் வைக்கும்போதுதான் அடி விழும். விஆர்எஃப் என்பது ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி ரவுட்டிங் அட்டவணை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அப்லிங்கிலும் தனி சப்-இன்டர்ஃபேஸ், தனி ஓஎஸ்பிஎஃப் உறவு வேண்டும். 60 சுவிட்ச் அறைகள், தலா 2 அப்லிங்க், 5 விஆர்எஃப் என்றால் 600 உறவுகள். 20 கட்டடங்களோடு நிறுத்தினால் அதுவே 200. இரண்டையும் கையால் எழுதக் கூடாது. ஆனால் 200ஐ ஒரு ஸ்கிரிப்ட்டும் ஒரு விரிதாளும் வைத்துச் சமாளித்துவிடலாம். ஆக்சஸ் சுவிட்சில் விஆர்எஃப் லைசென்ஸ் பெரும்பாலும் தனிச் செலவு என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நான்காவது, இவிபிஎன்-விஎக்ஸ்லேன். கீழே சுத்தமான ரவுட்டட் நெட்வொர்க். அதன் மேல் யுடிபி உறைக்குள் போட்ட விலேன்கள். விலேன் எண் 12 பிட், அதனால் 4094தான் உச்சம். விஎக்ஸ்லேனில் 24 பிட், சுமார் 1.67 கோடி. வளாகத்துக்கு இந்த எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை, விற்பனைத் தாளில் மட்டும் பெரிதாகத் தெரியும். உண்மையான பயன் வேறு: விஆர்எஃப் ஒவ்வொன்றுக்கும் சப்-இன்டர்ஃபேஸ் போடும் வேலை ஒழிகிறது, எல்லாக் கட்டடத்திலும் ஒரே கேட்வே முகவரி இயங்குகிறது, தேவைப்பட்ட ஒரு சப்நெட்டை மட்டும் இரண்டு கட்டடத்துக்கு நீட்ட முடிகிறது.

சிக்கல் வரும் முதல் இடம் எம்டியூ, அதாவது ஒரு லிங்க் ஏற்கும் பேக்கெட்டின் உச்ச அளவு. விஎக்ஸ்லேன் உறை 50 பைட் கூட்டுகிறது. கீழே உள்ள லிங்குகளில் ஒன்றே ஒன்று 1500இல் நின்றுவிட்டால் போதும். சாதாரண பிங் போகும், டிஎன்எஸ் வேலை செய்யும், லாகின் பக்கத்தின் தலைப்பு வரை திறக்கும், கோப்பை இழுத்தால் தொங்கும். பயனர் சொல்வது 'நெட் இருக்கு, ஆனா ஓடல'. ஒரு முனைக் கம்ப்யூட்டரிலிருந்து உடைக்கக் கூடாது என்ற கொடியோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள்: 1472 + 8 ஐசிஎம்பி + 20 ஐபி = 1500. இது போகாமல் 1400 போனால் நடுவில் எங்கோ ஒரு லிங்கின் எம்டியூ சிறியது. கீழடுக்கு முழுவதிலும் 9000க்கு மேல் வைத்துவிடுவது நல்லது.

இரண்டாவது இடம் மனிதர்கள். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேசவில்லை என்றால் கீழடுக்கு ரவுட்டிங், பிஜிபி என்ற ரவுட்டிங் நெறிமுறை சுமக்கும் இவிபிஎன் பதிவுகள், விலேனுக்கும் விஎன்ஐக்கும் (விஎக்ஸ்லேன் எண்) உள்ள இணைப்பு என்று மூன்று அடுக்கில் தேட வேண்டும். தயாரிப்பாளரின் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் பொத்தானில் செய்துவிடும், அது செய்யாத நாள் வரும்வரை. குழுவில் குறைந்தது இரண்டு பேருக்காவது கன்ட்ரோலர் இல்லாமல் இதைப் படிக்கத் தெரியாது என்றால் வாங்காதீர்கள். 'எல்லாக் கட்டடத்திலும் அதே விலேன் வேண்டும்' என்பது மட்டும் காரணமாக இருந்தாலும் வாங்காதீர்கள்: நீட்டப்பட்ட விலேன் விஎக்ஸ்லேனுக்குள்ளும் ஒரே பிராட்காஸ்ட் எல்லைதான். ஒரு கட்டடத்தில் விழுந்த வளையத்தின் பிராட்காஸ்ட் மற்றக் கட்டடங்களுக்கும் நகலெடுத்துப் போகும்.

பத்து முதல் முப்பது கட்டடங்கள் உள்ள வளாகத்துக்கு எங்கள் தேர்வு இரண்டாவது வழி: கட்டடத்தோடு முடியும் லேயர் 2, அதன் மேல் மூன்று முதல் ஐந்து விஆர்எஃப். சுவிட்ச் வாங்கும்போது இவிபிஎன் ஆதரவு உள்ளதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழடுக்கு ஏற்கெனவே ரவுட்டட் ஆக இருப்பதால் பின்னால் ஏறுவது எளிது.

முகவரித் திட்டம்: எந்த எண் முன்னால்?

சின்ன விஷயம் போலத் தெரியும், பத்து வருடம் கூடவே வரும். 10.கட்டடம்.விலேன்.0 என்று எழுதுவதா, 10.விலேன்.கட்டடம்.0 என்று எழுதுவதா?

கட்டடம் முன்னால் இருந்தால் 14ஆம் கட்டடம் முழுக்க 10.14.0.0/16. ரவுட்டிங்கைச் சுருக்கலாம், பாடப் புத்தகம் சொல்வது இதைத்தான். ஆனால் 20 கட்டடம், 6 விலேன் என்றால் மொத்தம் 120 ரவுட்டுகள். எந்த லேயர் 3 சுவிட்சுக்கும் அது ஒரு சுமையே இல்லை. ஃபயர்வாலில் 'எல்லா ஊழியர் சப்நெட்டும்' என்று எழுத வேண்டிய இடத்திலோ இருபது வரி எழுத வேண்டும். இருபத்தோராவது கட்டடம் வந்த அன்று ஒரு வரி விட்டுப்போகும். விலேனை, அதாவது அது செய்யும் வேலையை, முன்னால் வைத்தால் 10.20.0.0/16 என்ற ஒரே வரி எல்லா ஊழியரையும் குறிக்கும், 10.20.14.0/24 என்று பார்த்ததும் 14ஆம் கட்டடத்து ஊழியர் என்று படிக்கலாம். ரவுட்டுகளை இயந்திரம் எண்ணட்டும், விதிகளை மனிதன் படிக்க வேண்டும். வேலைதான் முன்னால்.

கட்டடம் முன்னால் என்றே முடிவு செய்து, சுருக்கிய ரவுட்டையும் விளம்பரப்படுத்தினால் ஒரு பொறி உண்டு. 10.14.99.5 என்ற முகவரி எங்கும் இல்லை. கோர் அதை /16ஐப் பார்த்து 14ஆம் கட்டடத்துக்கு அனுப்பும். கட்டடச் சுவிட்சுக்கு அந்த /24 தெரியாததால் டிஃபால்ட் ரவுட்டைப் பார்த்துக் கோருக்கே திருப்பி அனுப்பும். டிடிஎல் தீரும்வரை பந்தாட்டம். யாராவது முழு வரம்பையும் ஸ்கேன் செய்தால் அந்த அப்லிங்க் துடிக்கும். கட்டடச் சுவிட்சில் அந்த /16க்கு ஒரு நல் (null) ரவுட், அதாவது வேறு வழி இல்லாத பேக்கெட்டை எறிந்துவிடும் ரவுட், போட்டால் முடிந்தது.

192.168.0.0, 192.168.1.0 இரண்டையும் வளாகத்துக்குள் எங்கும் பயன்படுத்தாதீர்கள். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் இவைதான். வீட்டிலிருந்து விபிஎன்னில் வருபவருக்கு அந்த முகவரியில் உள்ள சர்வர் திறக்கவே திறக்காது. ஐபிவி6க்கு ஒவ்வொரு விலேனுக்கும் ஒரு /64 ஒதுக்குங்கள். இப்போது ஐபிவி6 ஓட்டப்போவதில்லை என்றாலும் ஆக்சஸ் போர்ட்டுகளில் ஆர்ஏ கார்டு போடுங்கள். கருவிகளில் ஐபிவி6 திறந்தே இருப்பதால், தவறான ஒரு ரவுட்டர் அறிவிப்பு எல்லோரையும் தன் பக்கம் இழுத்துவிடும்.

காவல் எங்கே?

எத்தனை பிரிவு என்பதற்கு ஒரே அளவுகோல்: விதிகள் வேறானால் பிரிவு வேறு. இயற்பியல் துறைக்கும் வேதியியல் துறைக்கும் ஃபயர்வாலில் ஒரே விதிதான் என்றால் அவற்றுக்குத் தனி விஆர்எஃப் எதற்கு? துறைவாரியாகப் பிரிப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை; அமைப்பு வரைபடத்தைப் பார்த்துப் பிரித்துவிடுகிறார்கள். பயனர்கள், விருந்தினர், கட்டடக் கருவிகள், சர்வர்கள், சுவிட்சுகளையும் ஏபிக்களையும் (வைஃபை பரப்பும் பெட்டிகள்) மேலாண்மை செய்யும் பிரிவு என்ற ஐந்திலேயே பெரும்பாலான வளாகம் அடங்கிவிடும். கார்டு தேய்க்கும் இயந்திரங்கள் இருந்தால் அவற்றைத் தனியே எடுங்கள். கார்டுத் தரவுப் பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தணிக்கை அந்தச் சிறு பிரிவோடு நிற்க வாய்ப்பு உண்டு, இல்லாவிட்டால் முழு வளாகமும் தணிக்கைக்குள் வரும்.

விதிகளை எங்கே அமல்படுத்துவது? சுவிட்ச் ஏசிஎல் மலிவு, வேகம் குறையாது. ஆனால் அதற்கு நினைவு இல்லை. டிசிபியில் 'எஸ்டாப்ளிஷ்ட்' என்று எழுதினால் அது பார்ப்பது ஏசிகே, ஆர்எஸ்டி பிட்டுகளை மட்டும். யுடிபிக்கு அதுவும் இல்லை. திரும்பி வரும் டிராஃபிக்குக்கும் நாமே கதவு திறக்க வேண்டும், அந்தக் கதவு வழியாக மற்றவையும் வரும். வரிகள் கூடக் கூட, விதிகளை வைக்கும் டிகேம் நினைவகம் நிரம்பும். நிரம்பியதும் மாடலைப் பொறுத்துப் புதிய விதி மறுக்கப்படும், அல்லது டிராஃபிக் சிபியுவுக்குப் போய்ச் சுவிட்ச் ஊர்ந்து நகரும்.

மறு எல்லை, எல்லா விலேனுக்கும் ஃபயர்வாலையே கேட்வே ஆக்குவது. எல்லா விதியும் எல்லா லாகும் ஒரே திரையில். சிறு வளாகத்துக்கு நியாயமான தேர்வுதான். பெரிய வளாகத்தில் பக்கத்து அறைப் பிரிண்டருக்கு அனுப்பும் தாளும் ஃபயர்வால் வரை போய்த் திரும்பும். ஃபயர்வால் அப்கிரேட் இரவில் உள் நெட்வொர்க்கும் சேர்ந்து நிற்கும். விளம்பரத்தில் உள்ள வேகம் வெறும் பேக்கெட் கடத்தலுக்கு. ஊடுருவல் கண்காணிப்பு, டிஎல்எஸ் பிரித்துப் பார்த்தல் எல்லாம் போட்ட பிறகு கிடைக்கும் வேகம் அதில் ஒரு பகுதிதான். ஸ்பெக் தாளில் அந்தச் சிறிய எண்ணைத் தேடிப் பாருங்கள்.

நடு வழி: விஆர்எஃப்புக்குள் சுதந்திரம், விஆர்எஃப்புக்கும் விஆர்எஃப்புக்கும் நடுவில் ஃபயர்வால். கோரில் ஒவ்வொரு விஆர்எஃப்பிலிருந்தும் ஃபயர்வாலுக்கு ஒரு டிரான்ஸிட் லிங்க்; டிஃபால்ட் ரவுட் அதன் வழியே. கட்டடச் சுவிட்சில் எழுத விதியே இல்லை. ஒரு கவனம்: இரண்டு ஃபயர்வால் இருந்தால் போகும் பாதையும் வரும் பாதையும் ஒன்றாக இருக்க வேண்டும். இணைப்பைத் தொடங்கும் சின் ஒன்றின் வழியே போய், அதற்குப் பதிலான சின்-ஏசிகே மற்றொன்றின் வழியே வந்தால், இரண்டாவது 'இந்த உரையாடல் எனக்குத் தெரியாது' என்று எறிந்துவிடும். செஷன் பகிரும் ஜோடியாக, ஒன்று இயங்க ஒன்று காத்திருக்கும் முறையில் வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும் முறை வளாகத்துக்குத் தேவையில்லாத தலைவலி.

ஒரே விலேனுக்குள் இருப்பவை ஒன்றோடொன்று பேசுவதை விஆர்எஃப்பும் தடுக்காது, ஃபயர்வாலும் தடுக்காது. சிசிடிவி கேமராவுக்குப் பக்கத்துக் கேமராவோடு என்ன பேச்சு? போர்ட் ஐசொலேஷன் போடுங்கள். பல மாடல்களில் அது அந்தச் சுவிட்சுக்குள் மட்டுமே செல்லும். சுவிட்சுகளைத் தாண்டவும் தடுக்க பிரைவேட் விலேன் வேண்டும்.

802.1எக்ஸ்: எப்போது?

போர்ட்டில் விலேனைக் கையால் எழுதுவதா, செருகிய கருவியை 802.1எக்ஸ் வழியே அடையாளம் கண்டு ரேடியஸ் (யாருக்கு அனுமதி என்று சொல்லும் சர்வர்) சொல்வதா? இரண்டாவதில் ரேடியஸ் மூன்று தகவல்களைத் திருப்பி அனுப்புகிறது: டனல் வகை 13, மீடியம் வகை 6, விலேன் எண் அல்லது பெயர். பெயராக அனுப்புங்கள், நாளைக்கு எண் மாறினாலும் ரேடியஸைத் தொட வேண்டாம்.

நல்ல தொழில்நுட்பம், ஆனால் பிரிக்கும் வேலையோடு ஒரே நாளில் செய்யக் கூடாதது. பிரிண்டர், கேமரா போன்றவற்றுக்கு 802.1எக்ஸ் பெரும்பாலும் தெரியாது. அவற்றுக்கு மேக் முகவரியைப் பார்த்து அனுமதிக்கும் மாற்று வழி. சில சுவிட்சுகளில் டிஃபால்ட்டாக 30 விநாடி வீதம் மூன்று முறை கேட்டுப் பார்த்து, 90 விநாடி கழித்துத்தான் மேக் பக்கம் திரும்பும். அதற்குள் டிஎச்சிபி கேட்டவர் களைத்துவிடுவார், நெட்வொர்க் வழியே தொடங்கும் பிஎக்ஸ்இ பூட் தோற்றுவிடும். அந்தக் காலத்தைக் குறையுங்கள். மேக்கை எவரும் போலியாக வைக்கலாம் என்பதால் அப்படி நுழைந்த கருவிக்குக் குறைந்த உரிமை உள்ள விலேன் மட்டும் கொடுங்கள். ரேடியஸ் இறந்தால் போர்ட் எங்கே விழ வேண்டும் என்றும் எழுதி வையுங்கள். ரேடியஸ் சான்றிதழ் முடியும் தேதியை மூன்று பேர் காலண்டரில் போடுங்கள். அது முடிந்த காலையில் எந்த ஃபயர்வாலும் காரணமில்லாமல் எல்லோருக்கும் நெட் நின்றுவிடும்.

வைஃபை, ஃபைபர்

கட்டடத்தோடு சப்நெட் முடிந்தால், போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடம் விட்டுக் கட்டடம் நடப்பவரின் ஐபி மாறும், அழைப்பு அறும். ஏபி டிராஃபிக்கைக் கன்ட்ரோலருக்கு டனல் செய்தால் இந்தப் பிரச்சினையே எழாது: ஏபி எந்தக் கட்டடச் சப்நெட்டில் இருந்தாலும் பயனரின் ஐபி கன்ட்ரோலர் பக்கத்தில் இருக்கிறது. அந்த டனல் நெறிமுறையான கேப்வேப்புக்கு யுடிபி 5246, 5247 இரண்டும் திறந்திருக்க வேண்டும். கன்ட்ரோலரில் வைஃபை டிராஃபிக் முழுவதும் குவியும் என்பதுதான் விலை. வளாகத்துக்கு அது கொடுக்கத் தகும். எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்) மூன்று, மிஞ்சினால் நான்கு. ஒவ்வொன்றும் 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு ஏபியிலிருந்தும் பீக்கன் விடுகிறது, அதுவும் மிகக் குறைந்த வேகத்தில். விருந்தினர் டிஎச்சிபி லீஸ் ஓரிரு மணி நேரம் போதும். போன்கள் மேக்கை மாற்றிக்கொண்டே இருப்பதால் நீண்ட லீஸ் முகவரிகளைத் தின்றுவிடும்.

வடிவத்தை முடிவு செய்யும் முன் ஃபைபரைப் பாருங்கள். கட்டடங்களுக்கு நடுவில் பழைய 62.5 மைக்ரான் ஓஎம்1 மல்டிமோடு இழை கிடந்தால், 1 ஜிகாபிட் எஸ்எக்ஸ் 220 முதல் 275 மீட்டர் ஓடிய அதே இழையில் 10 ஜிகாபிட் எஸ்ஆர் 33 மீட்டர்தான் ஓடும். ஓஎம்3இல் 300, ஓஎம்4இல் 400. எல்ஆர்எம் ஆப்டிக் ஓஎம்1இல் 220 மீட்டர் வரை இழுக்கும், ஆனால் எல்லாச் சுவிட்சும் அதை ஏற்பதில்லை. புதிதாகத் தோண்டுவதென்றால் சிங்கிள் மோடு மட்டும், 12 இழை கேட்கும் இடத்தில் 24. செலவு குழியில்தான், கண்ணாடியில் இல்லை.

மாற்றும் வரிசை

கையால் ஐபி எழுதிய கருவிகள்தான் இந்த வேலையின் நீண்ட வால். கோரின் ஆர்ப் அட்டவணையைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு வாரம் சேமித்து, டிஎச்சிபி லீஸ் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஆர்ப்பில் உள்ள, ஆனால் லீஸில் இல்லாதவை எல்லாம் கையால் எழுதியவை: கதவுக் கட்டுப்பாடு, பிரிண்டர், யுபிஎஸ், யாரோ விட்டுப்போன சர்வர். இவற்றில் முடிந்தவற்றை மாற்றத்துக்கு முன்பே டிஎச்சிபி ரிசர்வேஷனுக்குக் கொண்டுவாருங்கள்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வாரம் முன்பே லீஸ் காலத்தைக் குறையுங்கள். விண்டோஸ் டிஎச்சிபியில் டிஃபால்ட் 8 நாள். கருவி பாதிக் காலத்தில்தான், அதாவது நான்காம் நாள்தான், புதுப்பிக்கக் கேட்கும். எனவே முந்தைய நாள் குறைத்துப் பயனில்லை. முதல் கட்டடமாக நெட்வொர்க் குழு உட்காரும் கட்டடத்தையே எடுங்கள். வலி உங்களுக்கே முதலில் தெரியட்டும். புதிய கட்டடச் சுவிட்சின் ரிலே முகவரியை (டிஎச்சிபி கேள்வியைச் சர்வருக்குக் கடத்தும் முகவரி) டிஎச்சிபி சர்வர் அடைகிறதா என்பதோடு, சர்வரிலிருந்து அந்த முகவரிக்குத் திரும்பி வரும் வழி அந்த விஆர்எஃப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்வர் பதில் அனுப்பியும் கருவிக்கு எதுவும் வராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஃபயர்வாலில் முதல் இரண்டு வாரம் எல்லாவற்றையும் அனுமதித்து லாக் மட்டும் எடுங்கள். பிறகு தெரிந்தவற்றுக்கு விதி எழுதி, கடைசி வரியை மறுப்பாக மாற்றுங்கள். பழைய விலேனைக் காலியானதும் உடனே அழிக்காதீர்கள். அதன் மேக் அட்டவணையில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, கேட்வேயை மட்டும் மூடி ஒரு முழு மாதம் விடுங்கள். மாதக் கடைசியில் மட்டும் கணக்கு அனுப்பும் ஒரு பெட்டி எங்காவது பூட்டிய அறையில் இருந்தால் அது அப்போதுதான் வாய் திறக்கும்.